நீலக் கோட்டுக்காரி கை கொடுத்தாள்

இந்தப் பூமியில் அவளைப் போல் அசையாமல் நிற்கத் தெரிந்தவர் முன்னும் இருந்ததில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. ஒருமுறை துணிக்கடை ஷோகேசுக்குள் அவள் நின்ற நிலையைப் பார்த்து ஒரு குருவி தோளில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பிய பிறகுதான் இடத்தைக் காலி செய்தது. சரி, சரி, முறைக்க வேண்டாம். கூடு கட்டவில்லை. குருவி வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். உட்கார்ந்ததுகூட அவள் தோளில் இல்லை, பக்கத்துப் பொம்மையின் தொப்பியில். ஆனால் உட்காருவதற்கு முன் அவளையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துக் குருவி குழம்பியது சத்தியம். குருவிக்கு வந்த குழப்பம் பிற்பாடு மனிதர்களுக்கும் வந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்கம்பக்கத்தில் அவளுக்குச் சிலையக்கா என்று பெயர். துணிக்கடை ஷோகேசில் பொம்மைகளுக்கு உடை மாட்டி நிறுத்துவது தொழில். பார்க்க லேசாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் முதுகு ஒடியும். பொம்மையின் கையைக் கழற்றி, சட்டைக் கைக்குள் தனியாக நுழைத்து, பிறகு தோளில் பொருத்தி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை திருக வேண்டும். தொளதொள என்று தொங்கும் துணியை முதுகுப் பக்கம் இழுத்துக் குண்டூசி குத்த வேண்டும். முன்னால் பார்த்தால் மகாராணி, பின்னால் பார்த்தால் துணி காயப்போடும் கொடி. அப்படி ஒரு வேலை.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஷோகேசுக்குள் இருக்கும்போது வெளியே யாராவது நின்று பார்த்தால், அவர் நகரும்வரை அசையக் கூடாது. அசைந்தால் வாடிக்கையாளரின் கண் துணியை விட்டு ஆளிடம் போய்விடும். சிலையக்கா இதைப் பல வருஷம் செய்து செய்து, அது உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது உற்றுப் பார்த்தால் போதும், எடுத்த கை எடுத்தபடி நின்றுவிடும். உறவுக்காரர் கல்யாணப் புகைப்படத்தில் அவளைப் பூச்சாடியோடு சேர்த்து எண்ணியவர்கள் உண்டு. அவளைக் கட்டிக்கொண்ட லாரி ஓட்டுநர் முதன்முதலில் பார்த்ததும் ஷோகேஸ் கண்ணாடி வழியாகத்தான். பொம்மை கண் சிமிட்டுகிறதே என்று, சிக்னல் பச்சையானதைக்கூட மறந்து வாயைப் பிளந்தாராம். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துச் சேர்த்துவைத்த கல்யாணம் அது.

அவள் வழக்கமாக வேலை செய்த கடை இழுத்து மூடப்பட்டது. மற்ற கடைக்காரர்கள் ஷோகேசில் டிவியை மாட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. ரயில் நிலையத்துக்கு எதிரே நாலு மாடியில் ஒரு புதுத் துணிக்கடை திறக்கப் போகிறது. அதன் முதலாளியம்மா, திறப்பதற்கு முன் வியாபாரிகளையும் வேலைக்காரர்களையும் கூப்பிட்டு ஒரு தேநீர் விருந்து வைத்து, அங்கேயே தனக்கு வேண்டிய ஆட்களைப் பொறுக்கப் போகிறார். செய்த வேலையின் படத்தைக் காட்டினால் பார்க்க மாட்டார், சிபாரிசு கேட்க மாட்டார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லைதான்.

“இது கிடைக்கலைன்னா என் ஆபீஸ்ல வந்து உக்காந்துருங்க அண்ணி. நாள் பூரா போன்ல பேசணும், அவ்வளவுதான்” என்றாள் நாத்தனார்.

சிலையக்காவுக்குப் பேச்சு என்றாலே ஆகாது. தெரியாதவர்களோடு நாள் பூரா பேசுவதற்குப் பதில் கிணறு வெட்டச் சொன்னால் வெட்டிவிட்டுப் போவாள்.

இந்த நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். கல்லையும் கரையவைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவாள். கைப்பையில் எந்நேரமும் பச்சை உறை போட்ட புதினா மிட்டாய் கிடக்கும். யாரைப் புதிதாகப் பார்த்தாலும் கை கொடுப்பாள், கொடுத்த கையோடு ஒரு மிட்டாயை அழுத்திவிடுவாள். மிட்டாய் வாயில் இருக்கும்போது யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது என்பது அவள் கணக்கு.

விருந்துக்குச் சில நாள் முன்பு நாத்தனார் பாடம் நடத்த, அண்ணி பொம்மைகளைப் பழுதுபார்த்து வைக்கும் பட்டறைக்கு வந்தாள். டயர் கடைக்குப் பின்னால் ஒரே அறை. கம்பிவலை போட்ட ஜன்னல், ஒழுகும் குழாய், சுவரோரம் கைகால்கள். தலைகள் அலமாரியில். கதவுக்கு நேரே பெரியம்மா.

பெரியம்மாவும் பொம்மைதான். சிலையக்கா அந்த அறைக்கு வந்தபோது ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தவள். யார் விட்டுப் போனார்களோ தெரியாது. இப்போதைய பொம்மைகள் எல்லாம் பிளாஸ்டிக், முகம் வழித்த முட்டை மாதிரி இருக்கும். பெரியம்மாவுக்கு முகம் உண்டு. உள்ளே பதித்த கண்ணாடிக் கண்கள் உண்டு. கழுத்தும் மணிக்கட்டும் திரும்பும். சிலையக்கா அவளுக்கு ஒரு பழைய நீலக் கோட்டைப் போட்டு, மேல் பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் தைத்து நிறுத்தியிருந்தாள்.

“இந்தக் கெழவிய இன்னும் வச்சிருக்கீங்களா? பட்டறைய மூடினா மொதல்ல இத காயலான் கடைக்குப் போட்டுருங்க” என்று பெரியம்மாவின் கன்னத்தில் தட்டிவிட்டு, நாத்தனார் ஆரம்பித்தாள். “இங்க பாருங்க அண்ணி, நாம வாயத் தொறக்கறதுக்குள்ள நம்ம உடம்பு பாதிப் பேச்சப் பேசி முடிச்சிரும். பைய நெஞ்சுக்கு முன்னாடி கட்டிப் புடிச்சுக்காதீங்க. பூட்டுன கதவு மாதிரி இருக்கும். தோளக் கீழ விடுங்க. உள்ளங்கை தெரியணும். கால் நுனி ரெண்டும் பேசுற ஆள் பக்கம் பாக்கணும், வாசப் பக்கம் பாக்கக் கூடாது.”

“என் கால் எப்பவும் வாசலத்தான் பாக்குது.”

“தெரியுதே. கண்ணப் பாருங்க. முறைக்காதீங்க! கடன் கேக்க வந்தவன் பாக்குற மாதிரி இருக்கு. ஆங், அப்படித்தான். இன்னொண்ணு. அவங்க தலைய சாய்ச்சா நீங்களும் லேசா சாய்க்கணும். கைய எடுத்தா நீங்களும் எடுக்கணும். உடனே செஞ்சா கேலி பண்றோம்னு நெனப்பாங்க. ஒரு மூச்சு விட்டுட்டு செய்யணும். தன்ன மாதிரியே ஒருத்தர் நிக்கிறதப் பாத்தா யாருக்கும் புடிச்சுப் போயிரும்.”

சிலையக்கா கையை நீட்டினாள். நாத்தனார் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “என்னங்க அண்ணி, செத்த மீனத் தூக்குன மாதிரி இருக்கு” என்றாள்.

தனக்குத் தெரிந்த வழியிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று சிலையக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. சொன்னதையெல்லாம் பெரியம்மாமேல் செய்து பார்த்தாள். தோளை இறக்கி, மணிக்கட்டைத் திருப்பி உள்ளங்கை தெரியவைத்து, முகவாயை நேராக்கி, அடித்தட்டைத் திருப்பிக் கால்களைக் கதவைப் பார்க்க நிறுத்தினாள். உள்ளே வருகிறவரை வரவேற்கிற நிலை. தள்ளி நின்று பார்த்தாள். அசந்துபோனாள். பல வருஷமாக மூலையில் கிடந்த பொம்மை, சொந்தக்காரி ஒருத்தி ஊரிலிருந்து வந்து நிற்கிற மாதிரி நின்றது.

இனி அதைப் பார்த்து அவள் நிற்க வேண்டியதுதான் பாக்கி. தினமும் வேலை முடிந்ததும் பெரியம்மாவுக்கு எதிரே நின்று ஒத்திகை பார்த்தாள். “வணக்கம். ஷோகேஸ் வேலை செய்யறேன்” என்று சொல்லித் தலையை இடது பக்கம் லேசாகச் சாய்ப்பாள்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தபோது பெரியம்மாவின் தலை சாய்ந்திருந்தது.

கழுத்துத் திருகாணி தேய்ந்திருக்கும் என்று நினைத்தாள். பழைய பொம்மைதானே. நிமிர்த்தி, இறுக்கித் திருகினாள். அன்று மாலை ஒத்திகையில் வலது கையைக் கொஞ்சம் தூக்கி நீட்டினாள். மறுநாள் பெரியம்மாவின் வலது கை கொஞ்சம் தூக்கியிருந்தது. தளர்ந்த கை கீழேதான் இறங்கும், மேலே ஏறாது என்பது இந்தத் தொழிலில் யாருக்கும் தெரியும். சிலையக்காவுக்கும் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்க, வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

பிறகு மறுநாள்வரைகூடப் பெரியம்மா பொறுக்கவில்லை. மதியம் தலையைச் சாய்த்தால் மாலையில் சாய்ந்திருக்கும். அப்புறம், குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் எதுவும் நடக்கவில்லை. யாராவது பார்த்தால் அசையக் கூடாது என்கிற கட்டுப்பாடு பெரியம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

வந்து போகிறவர்கள் வேறு மானத்தை வாங்கினார்கள். பார்சல்காரர் உள்ளே வந்து பெரியம்மாவைப் பார்த்து, “அம்மா, ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றார். சிலையக்கா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். டயர் கடைக்காரர் கதவு வழியாகத் தலையை நீட்டி, “உங்கக்காவா? நல்ல மரியாதை தெரிஞ்சவங்க. என்னப் பாத்ததும் சிரிச்சாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் பெரியம்மாவின் வாயை அருகில் போய்ப் பார்த்தாள். வாய் எப்போதும் போலத்தான் இருந்தது. எப்போதும் எப்படி இருந்தது என்பதுதான் சரியாக நினைவுக்கு வரவில்லை.

விருந்தன்று பிற்பகல் பட்டறையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். பூட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நாத்தனார் தெருமுனையில் காத்திருந்தாள்.

புதுக்கடையின் கீழ்த்தளம்தான் விருந்து மண்டபம். இன்னும் அலமாரிகள் வரவில்லை. பெயின்ட் வாசனை மூக்கை அரித்தது. ஆனால் பொம்மைகள் வந்து இறங்கியிருந்தன. தலை முதல் கால் வரை பால் நிறப் பிளாஸ்டிக் உறை சுற்றி, சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. வெளிச்சம் பட்டால் உறைக்குள் மூக்கும் விரல்களும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. அவற்றுக்கு நடுவில் வந்தவர்கள் கையில் தேநீர்க் கோப்பையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தையல்காரர்கள், பெட்டி செய்கிறவர்கள், விளக்குக்காரர்கள். நாத்தனார் உள்ளே நுழைந்ததும் தண்ணீரில் விட்ட மீன் மாதிரி போய்விட்டாள். ஒவ்வொரு கூட்டமாக நுழைந்து கை கொடுத்தாள், மிட்டாய் கொடுத்தாள், அடுத்த கூட்டத்துக்குத் தாவினாள். ஒரு உயிரையும் விடவில்லை.

சிலையக்கா வாசல் தூண் பக்கத்தில் நின்றாள். தோளை இறக்கினாள். உள்ளங்கையைக் காட்டினாள். கால்களைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். எல்லாம் பிசகில்லாமல் வந்தது. முதலாளியம்மா மேனேஜரோடு பேசிக்கொண்டே நேராக அவள் எதிரே வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார்.

உற்றுப் பார்த்ததும் உடம்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. நீட்டிய கை நீட்டியபடி, பாதி விரிந்த சிரிப்பு பாதியில், மூச்சு தொண்டையில்.

“ஏம்ப்பா, எல்லாத்துக்கும் உறை இருக்கு, இது மட்டும் ஏன் பிரிச்சுக் கெடக்கு?” என்றார் முதலாளியம்மா.

“காலைல லோடுல வந்ததா இருக்கும் மேடம்.”

“முகத்துல ஒரு களை இருக்கே. மரு வச்சுல்ல செஞ்சிருக்கான்!” என்று அவள் கன்னத்து மருவை விரலால் தொட்டுப் பார்த்தார். மேனேஜர் தன் குடையை அவள் நீட்டிய கையில் மாட்டிவிட்டார். இரண்டு பேரும் நகர்ந்தார்கள்.

ஆள் நகர்ந்துவிட்டால் அசையலாம். அவள் அசைய முயன்றாள். முடியவில்லை. கண்ணை உருட்டக்கூட முடியவில்லை. யாரோ இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்தின் அந்தக் கோடியில், உறை போட்ட பொம்மைகளுக்கு முன்னால், ஒரு பெண் நின்றிருந்தாள். நீலக் கோட்டு. மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம். தோள் இறங்கியிருந்தது. உள்ளங்கை தெரிந்தது. முகத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. சிமிட்டாத இரண்டு கண்களும் மண்டபத்தைத் தாண்டிச் சிலையக்காமேல் நிலைத்திருந்தன.

முதலாளியம்மா அந்தப் பெண்ணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். கையை நீட்டினார். ஒரு மூச்சு கழித்து நீலக் கோட்டுக்காரியும் கையை நீட்டினாள். முதலாளியம்மா தலையைச் சாய்த்தார். ஒரு மூச்சு கழித்து அந்தத் தலையும் சாய்ந்தது. கண்கள் மட்டும் இந்தப் பக்கமே.

“உங்கள எங்கயோ பாத்த மாதிரியே இருக்குங்க. ரொம்ப நாள் பழகுன மாதிரி இருக்கு. கைதான் சில்லுனு இருக்கு, ஏசி அதிகமோ?” என்று முதலாளியம்மா சொல்வது அந்த வெற்று மண்டபத்தில் எதிரொலித்து வந்தது. “ஷோகேஸ் வேலைக்கு ஒருத்தங்க வருவாங்கன்னாங்க. நீங்கதானா அது?” கேட்டுவிட்டு, ‘ஆமாம்’ என்ற பதிலை எதிர்பார்க்கிறவர்கள் செய்வதுபோலத் தலையாட்டினார்.

ஒரு மூச்சு. நீலக் கோட்டுக்காரியின் தலை மேலும் கீழும் அசைந்தது.

வேலை போகிறது. பட்டறை போகிறது. தன் இடத்தில் வேறொருத்தி நிற்கப் போகிறாள், தான் கையில் குடையோடு இந்தத் தூண் பக்கத்தில் நிற்கப் போகிறோம், மாலையில் யாராவது வந்து உறை போடுவார்கள். சிலையக்கா நகரு, நகரு என்று உடம்பைக் கெஞ்சினாள். அந்தக் கண்கள் விடவில்லை. பார்க்கும்போது அசையக் கூடாது, பார்க்கும்போது அசையக் கூடாது.

பார்ப்பது யார்?

அந்தக் கேள்வி வந்ததும் உள்ளே ஏதோ ‘டக்’ என்றது. கட்டுப்பாடு மனிதர்கள் பார்ப்பதற்குத்தானே? பொம்மைகள் பார்த்தால் என்ன? பட்டறையில் நாள் முழுக்க அலமாரித் தலைகள் எல்லாம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எதிரே அவள் முதுகு சொறிந்திருக்கிறாள், மூக்குச் சிந்தியிருக்கிறாள், கொட்டாவி விட்டிருக்கிறாள். ஒரு பொம்மைக்குப் பயந்து எந்த ஷோகேஸ்காரி அசையாமல் நின்றாள்?

சிலையக்கா வாயைப் பெரிதாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

கை விழுந்தது, குடை விழுந்தது, மூச்சு வந்தது. மரத்துப்போன காலை எடுத்து வைத்தாள். அது சொன்னபடி கேட்கவில்லை. தடுமாறி ஓர் உறைப் பொம்மையைப் பிடித்தாள். அது சாய்ந்து அடுத்ததைத் தள்ள, சுவரோரம் வரிசையாகத் தடதடவென்று சரிந்தன. அந்த அமளிக்கு நடுவில் நொண்டிக்கொண்டே ஓடி முதலாளியம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். தோள் காதுவரை ஏறியிருந்தது. கால் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. நாத்தனார் சொன்ன ஒன்றும் மிச்சமில்லை.

“நான்... நான் பொம்மை இல்லீங்க!”

முதலாளியம்மா போட்ட அலறல் ரயில் நிலையம்வரை கேட்டதாம். அலறி முடித்து, அவளை மேலும் கீழும் பார்த்து, மருவைத் திரும்பத் தொட்டுப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. பிடித்த கையை மட்டும் விடவில்லை.

“அம்மாடி, கை எப்படி வேர்த்திருக்கு பாரு! சூடா இருக்கு. இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. இங்க ஒருத்தங்க கை கொடுத்தாங்க பாரு...” என்று திரும்பினார்.

அங்கே யாரும் இல்லை. சரிந்து கிடந்த உறைகள் மட்டும் காற்றில் சரசரத்தன.

“இத்தன நேரம் அசையாம நின்னு என்னையே ஏமாத்திட்டியே. வேற யாரு வேணும் எனக்கு? நாளைக்கு வந்துரு” என்றார் முதலாளியம்மா. ஆனால் சொல்லும்போது கண் அந்தக் கோடியைத்தான் தேடிக்கொண்டிருந்தது. தன் வலது கையைச் சேலையில் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

மண்டபத்திலிருந்து சிலையக்காவும் நாத்தனாரும் நேரே பட்டறைக்குப் போனார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது, டயர் கடையில் பாட்டு ஓடியது. பூட்டு பூட்டியபடி இருந்தது. சிலையக்கா திறந்தாள். உள்ளே போகக் கால் வரவில்லை.

“என்ன அண்ணி, வேலை கெடச்சும் பேயறஞ்ச மாதிரி நிக்கறீங்க?” என்று நாத்தனார்தான் முதலில் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “வாங்க, ஒண்ணும் இல்ல” என்று கூப்பிட்டாள்.

பெரியம்மா நிறுத்திய இடத்திலேயே நின்றாள். கோட்டுப் பொத்தான்கள் போட்டபடி. தலை நேராக. உள்ளங்கைகள் விரிந்து, காலியாக. சிலையக்கா அருகில் போய் அந்தக் கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. பொம்மையின் கை வேறு எப்படி இருக்கும்?

பெரியம்மாவைச் சிலையக்கா காயலான் கடைக்குப் போடவில்லை. பழகிய பாசம் என்றாள். போட்டால் திரும்பி நடந்து வந்துவிடுவாளோ என்ற பயம் என்றும் வைத்துக்கொள்ளலாம். கைகளைக் கழற்றித் தனியாக வைத்தாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். நாலு மாடிக் கடையின் ஷோகேஸ் இன்றைக்கும் சிலையக்காவின் கைவேலைதான். வெளியே நின்று யாராவது பார்த்தால் இப்போது அவள் அசைகிறாள். கை ஆட்டுகிறாள், தும்முகிறாள். துணியைப் பார்க்கிற கண் ஆளிடம் போனால் போகட்டும் என்கிறாள். முதலாளியம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை. புதிதாக யாரையாவது பார்த்தால் அவர் இப்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத் தொட்டுப் பார்க்கிறார்.

நான் எழுதிய இத்தனையையும் நாத்தனாருக்குப் படித்துக் காட்டியபோது, அவள் நாற்காலியில் சாய்ந்தபடி குருவிக்குச் சிரித்தாள், குடைக்குச் சிரித்தாள், தன்னைப் பற்றி எழுதியதற்கு மட்டும் உதட்டைச் சுழித்தாள். முடிந்ததும், “எல்லாம் சரிதான். ஒரு எடத்துல மட்டும் தப்பா எழுதியிருக்கீங்க” என்றாள்.

எந்த இடத்தில்?

“பெரியம்மா கை காலியா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்கல்ல. அண்ணி உள்ள வரும்போது காலியா இருந்துச்சு. நான் வெளக்கப் போட்டப்ப காலியா இல்ல. அண்ணி பயந்துருவாங்கன்னு கையில இருந்தத நான்தான் எடுத்து என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். நீலக் கோட்டு போட்ட அம்மாவுக்கு மண்டபத்துல நான்தான் கை கொடுத்தேன். எங்கயோ பாத்த முகம்னு தோணுச்சு. எனக்கு எல்லாரும் எங்கயோ பாத்த முகம்தானே, கண்டுக்கல.”

அப்படியானால் கையில் இருந்தது மிட்டாய் என்று திருத்திவிடலாமா?

“மிட்டாயின்னு எழுதாதீங்க” என்றாள் நாத்தனார். “பச்சை உறை மட்டும்தான் இருந்துச்சு.”